நீர்முள்ளிச் சாம்பலும் மருந்தின் மெய்ப்பொருளும்

நீர்முள்ளி ஏரி ஓரங்களிலும் வாய்க்கால் கரைகளிலும் சேற்று நிலங்களிலும் வளரும் செடி. கணுதோறும் முள்ளும் ஊதா நிறப் பூவும் கொண்டது. விதையை நீரில் இட்டால் கொழகொழவென்று பசை கட்டும். வீக்கம் வடியவும் சிறுநீர் பெருகவும் சித்த மருத்துவத்தில் இதைக் குடிநீராகக் காய்ச்சித் தருவர். சமூலத்தை, அதாவது வேர் முதல் பூ வரை முழுச் செடியை, எரித்த சாம்பலும் மருந்தாகும்.

இச்செடியில் லூபியோல், ஸ்டிக்மாஸ்டெரால் முதலிய கரிமச் சேர்மங்கள் உள்ளன. விதை எண்ணெயில் லினோலிக் அமிலம் உண்டு. கனிமங்களில் குறிப்பிடத்தக்கது பொட்டாசியம். செடியை எரித்தால் கரிமச் சேர்மங்கள் அழிகின்றன. பொட்டாசியம் பெரும்பாலும் கார்பனேட் உப்பாகச் சாம்பலில் தங்குகிறது. குடிநீரின் கூறுகள் வேறு, சாம்பலின் கூறுகள் வேறு. இரண்டும் ஒரே நோய்க்குத் தரப்படுகின்றன. எனில், செடியின் குணம் எதில் உறைகிறது?

உடலும் உலகும் ஐம்பூதங்களால் ஆனவை என்பது சித்தர் கொள்கை. ஒவ்வொரு சுவையும் இரு பூதங்களின் சேர்க்கை: இனிப்பு மண்ணும் நீரும், உப்பு நீரும் தீயும். இப்பூதங்களைத் தனிமங்களோடு ஒன்றுக்கொன்று பொருத்துவது பொருந்தாது. பொட்டாசியம் நிறுத்து அளக்கும் பொருள். பூதமோ பொருள் உடலில் செய்யும் தொழிலைக் கொண்டு வகுத்த பகுப்பு.

கூறுகளின் பட்டியல் மட்டும் ஒரு பொருளை முழுதும் விளக்கிவிடாது என்பதற்கு விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலே சான்று. வெண்களிமண்ணைச் சூளையில் சுடும்போது அதில் பிணைந்த நீர் வெளியேறுகிறது. அலுமினியம், சிலிக்கன் விகிதம் மாறுவதில்லை. ஆயினும் பச்சை மண் நீரில் குழைகிறது, சுட்ட கலம் நீரைத் தாங்குகிறது. அமைப்பு மாறியதால் இயல்பும் மாறியது. மூலிகைக்கும் இது பொருந்தும்.

இதனால் சோதனை தேவையற்றது என்று ஆகாது. சைவ சித்தாந்தத்தில் உலகுக்கு முதற்காரணமான மாயை பொய்த்தோற்றம் அன்று, உள்பொருள். ஆகவே பொருளை ஆராய்வது அந்நெறிக்குப் புறம்பானதல்ல. நல்லூர், விருத்தாசலம் வழியே ஓடும் மணிமுத்தாற்றோடு தொடர்புடைய பெரியபுராண வரலாறும் இதையே காட்டுகிறது. திருமுதுகுன்றம் எனப்படும் விருத்தாசலத்து இறைவன் அளித்த பொன்னில் மச்சம், அதாவது மாதிரித் துண்டு, வெட்டி வைத்துக்கொண்டே எஞ்சியதை நாயன்மார்களில் ஒருவரான சுந்தரர் ஆற்றில் இட்டார். அப்பொன்னை இறையருளால் திருவாரூர்க் குளத்தில் எடுத்தபோது மச்சத்தோடு ஒப்பிட்டு, மாற்றுக் குறைந்ததைக் கண்டு, மீண்டும் பாடி முறையிட்டார். இறைவன் தந்த பொன்னையும் உரைத்துப் பார்ப்பது பக்திக்கு இழுக்காகவில்லை.

நீர்ச்செடிகள் தாம் வளரும் சேற்றிலுள்ள உலோகங்களையும் உறிஞ்சுகின்றன. ஈயம் போன்றவற்றைத் தீ அழிப்பதில்லை. சிறுநீரகம் பழுதுற்றவர் உடலில் பொட்டாசியம் தேங்கினால் இதயத்துடிப்புக்கே ஆபத்து. எனவே கழிவுநீர் கலக்கும் குளத்தில் பறித்த நீர்முள்ளியை மருந்தாக்கலாகாது. சாம்பலைச் சோதிக்காமலும், மருத்துவரைக் கேட்காமலும் உண்ணலாகாது.