ஹலாலான மட்டியும் அது கிடக்கும் சேறும்



ஆகாரத்தைப் பற்றி நாம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். இது ஹலாலா? ஆனால் அல்லாஹு தஆலா தன் திருமறையின் பகரா அத்தியாயம் 168-ஆம் வசனத்தில் மனிதர்களை விளித்துப் பேசும்போது ஹலால் என்பதோடு 'தையிப்' என்பதையும் சேர்த்தே கட்டளையிடுகிறான். ஆகுமானதாகவும் இருக்கவேண்டும், நல்லதாகவும் இருக்கவேண்டும். முதற் சொல்லுக்கு நாம் கொடுக்கும் கவனத்தில் கால்வாசி கூட இரண்டாவதற்குக் கொடுப்பதில்லை.

மலாய்க்காரர்கள் கெராங் என்று சொல்லும் மட்டியை எடுத்துக் கொள்ளுங்கள். கோலசிலாங்கூர், ஜெராம் கடலோரச் சேற்றில் விளைந்து, நம் சாப்பாட்டுக் கடைகளில் குவேதியாவிலும் சம்பலிலும் சேர்கிறது. ஷாபி மத்ஹபில் கடற்பிராணி ஆகும் என்பதால் மரைக்காயர் வீட்டில் தடையில்லை. ஹனபி மத்ஹபில் கடலில் மீன் மட்டுமே ஆகும் என்பதால் ராவுத்தர் வீட்டார் தொடமாட்டார்கள். (தான் தொடாததைக் கடையில் விற்கிறவர் உண்டு, அது வேறு பேச்சு.) இமாம்கள் அந்தப் பிராணியைப் பற்றிச் சட்டம் சொல்லிவிட்டார்கள். அது குடித்த தண்ணீரை விசாரிக்கவேண்டியது நம்முடைய பொறுப்பு.

மட்டி இரைதேடி ஓடுவதில்லை. கிடந்த இடத்திலேயே நீரை உள்ளிழுத்து, வடிகட்டி, சத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே விடும். நீரில் காட்மியம், ஈயம், பாதரசம் இருந்தால் அவையும் சதையில் தங்கிவிடும். கண்டல் மரங்கள் நிற்கும் சதுப்பின் கறுப்புச் சேறும் இந்த உலோகங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிலாங்கூர் ஆறு, பெஸ்தாரி ஜெயா என்று இப்போது பெயர்கொண்ட பத்தாங் பெர்ஜுந்தையின் பழைய வெள்ளீயச் சுரங்கப் பகுதியைத் தாண்டி, தோட்டங்களின் ஓரமாக வந்து கோலசிலாங்கூரில் கடலில் விழுகிறது. தோட்டத்துக்குப் போடும் பாஸ்பேட் உரத்தில்கூடச் சிறிது காட்மியம் உண்டு. 1975-ல் எட்வர்ட் கோல்ட்பர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி, கடல்நீரின் அழுக்கை அறியச் சிப்பிச் சதையையே சாட்சியாக வைத்துச் சோதிக்கலாம் என்று யோசனை சொன்னார். நம் நாட்டுப் பல்கலைக்கழகத்தாரும் இந்த மேற்குக் கரையில் அவ்வாறே சோதித்து வந்திருக்கிறார்கள். உலோகம் காணப்படுகிறது, அளவு இடத்துக்கு இடம் வேறுபடுகிறது.

"நன்றாக வேகவைத்தால் போகாதா?" என்று கேட்பீர்கள். கிருமி போகும். 1988-ல் ஷாங்காய் நகரில் அரைவேக்காட்டு மட்டி தின்று சுமார் 3 லட்சம் பேருக்கு மஞ்சள்காமாலை வந்தது, கொதிக்கவிட்டிருந்தால் தப்பியிருப்பார்கள். உலோகமோ அடுப்புக்கு அடங்குவதில்லை. உப்புநீரில் ஊறப்போட்டால் மண் போகுமே தவிர, சதையில் ஊறிய காட்மியம் போகாது. அது மனிதனின் சிறுநீரகத்தில் பத்து வருஷத்துக்கு மேலும் தங்கும். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். ஐரோப்பாவில் மட்டி வகைக்குக் காட்மிய வரம்பு கிலோவுக்கு 1 மில்லிகிராம். நம் கடைக் கணக்கில் சொன்னால், ஆயிரம் டன் அரிசியில் ஒரு கிலோ! இதைக் கண்ணாலோ நாக்காலோ யார் கண்டுபிடிப்பது?

ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் சிஸ்ஸோ ஆலை பாதரசக் கழிவை வளைகுடாவில் விட்டது. மீனும் சிப்பியும் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. பூனைகள் பித்துப் பிடித்துச் செத்தன. மனிதருக்கு வந்த நோய் 1956-ல் பதிவாயிற்று. தாய் நலமாகத் தோன்ற, பிள்ளை ஊனமாய்ப் பிறந்தது. ஆலைதான் காரணம் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது 1968-ல். நம் கரை மினமாட்டா ஆகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது கெராங் வாரிப் பிழைக்கும் ஏழைகளுக்குச் செய்யும் அநியாயம்.

நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. அப்படியானால் ஜனங்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டார்கள். ஏமாற்றுகிறவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். முஸ்லிம் ஹதீது கிரந்தத்தில் இது இருக்கிறது. அந்த ஈரம் விரலுக்குத் தெரிந்தது. இந்த உலோகம் தெரியாது. வாங்குகிறவனால் சோதிக்க முடியாத சரக்கில் விற்கிறவனின் பொறுப்பு கூடுமா, குறையுமா?

"எங்கள் அத்தா காலத்திலிருந்து தின்கிறோம், ஒன்றும் ஆகவில்லை" என்பார் சிலர். எப்போதாவது ஒரு தட்டு தின்கிறவருக்கு அது சரியாயிருக்கலாம். வாரத்தில் பலநாள் வாங்கிப் போகும் தோட்டத்துக் குடும்பங்களையும் அவர்கள் பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள்.

ஆகவே சரக்குக் கொண்டு வருகிறவரிடம் எந்தக் கரையில் வாரியது என்று கேளுங்கள். பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஊர் சொல்ல மறுக்கிறவரிடம், கிலோவுக்கு ஐம்பது காசு குறைந்தாலும் வாங்கவேண்டாம். சினைப்பட்ட பெண்களும் சிறுபிள்ளைகளும் அடிக்கடி தின்னவேண்டாம் என்று வாடிக்கைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அன்றைய வியாபாரம் நாலு தட்டுக் குறையும், குறையட்டும். 1983-ஆம் வருஷ உணவுச் சட்டப்படி சுகாதார இலாகாக்காரர் மாதிரி எடுக்க வந்தால், பின்கட்டில் ஒளித்து வைக்காமல் அன்று வந்த கெராங்கையே எடுத்துக் கொடுங்கள்.