இரக்கத்தின் விலை

ஓர் உயிரைக் கொல்லலாகாது எனச் சட்டம் வகுப்போர், அவ்வுயிரை நாள்தோறும் மேய்த்துக் காப்பவரின் வீட்டில் அடுப்பெரிகிறதா என்று பார்க்கவும் கடமைப்பட்டவர்கள் அல்லரோ? இராஜஸ்தான் மாநிலத்து ரைக்கா மக்களை எண்ணும்போதெல்லாம் இவ்வினா நம் உள்ளத்தை உறுத்துகிறது.

ரைக்காக்கள் வழிவழியாக ஒட்டகம் மேய்ப்பவர்கள். பார்வதி களிமண்ணால் செய்த ஒட்டகத்துக்குச் சிவபெருமான் உயிரளித்தார். அதை மேய்க்கவே தங்கள் மூதாதையைப் படைத்தார் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. அந்நம்பிக்கைக்கு ஏற்பவே வாழ்ந்தனர். ஒட்டக இறைச்சியை உண்பதில்லை, கொலைக்கு விற்பதில்லை, பெட்டையைத் தம் குலத்துக்கு வெளியே கொடுப்பதில்லை. பாலை விற்பது பெற்ற பிள்ளையை விற்பதற்கு ஒப்பாம். (காலையில் காசு கொடுத்துப் பால் வாங்கும் நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம்.) பின் வயிறு நிறைந்தது எவ்வாறு? வண்டிக்கும் ஏருக்கும் உதவும் ஆண் ஒட்டகங்களைப் புஷ்கர் போன்ற சந்தைகளில் விற்றுத்தான். பதின்மூன்று மாதம் சுமந்து ஒரே ஒரு கன்றை ஈனும் விலங்கு அது. அடுத்த ஈற்றுக்கு ஏறக்குறைய இரண்டாண்டு காத்திருக்க வேண்டும்.

டிராக்டர் வந்தது, ஒட்டகத்துக்கு வேலை குறைந்தது. மேய்ச்சல் நிலமும் சுருங்கிற்று. 2014இல் ஒட்டகம் மாநில விலங்காக அறிவிக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டுச் சட்டமோ அதைக் கொல்வதைத் தடுத்ததோடு, மாநில எல்லைக்கு வெளியே கொண்டுசெல்வதையும் கட்டுப்படுத்தியது. நோக்கம் தூயதே. ஆனால் வெளியூர் வணிகர் வரவு குறைய, ஆண் ஒட்டகத்தின் விலை வீழ்ந்தது. நாட்டில் 2012இல் ஏறத்தாழ 4 இலட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019 கணக்கெடுப்பில் 2½ இலட்சமாயின. சரிவு சட்டத்துக்கு முன்பே தொடங்கியதாகையால் முழுப் பழியையும் அதன்மேல் சுமத்துவது நேர்மையன்று. கன்று ஈன்றால் உதவித்தொகை என்று அரசு பின்னர் அறிவித்ததும் உண்மை. எனினும் காக்க வந்த சட்டத்தால் சரிவைத் தடுக்க இயலவில்லை.

ரைக்கா தனக்கு விதித்துக்கொண்ட நோன்பும் அரசு விதித்த தடையும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. முன்னதன் இழப்பை நோற்றவனே தாங்கினான். பின்னதன் இழப்பைத் தாங்குபவனும் அவனே. விதித்தவர்களுக்கு யாதொரு செலவுமில்லை. பிறர் பசியின்மேல் நாம் காட்டும் இரக்கத்தை அறம் என்று அழைக்க நமக்கு நாக்கு எழவில்லை.

2016இல் ஒட்டகப் பாலுக்கும் தர அளவுகள் வகுக்கப்பட்டன. பாலி மாவட்டத்துச் சாத்ரியில் சிறிய பாற்பண்ணையொன்று இயங்குகிறது. பால் விற்பதைப் பிள்ளையை விற்பதாக எண்ணிய குலத்தினர் சிலர் இன்று பாற்பாத்திரத்தோடு வருகிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள நாம் யார்? பால் கெடாமல் நகரத்தைச் சேரக் குளிர்பதனக் கொள்கலன்கள் வேண்டும். மந்தைகளோ மேய்ச்சல் தேடி ஊர் ஊராக அலைபவை.