ஒரு படி அரிசியும் அறுநூறு ரூபாயும்

2015 செப்டம்பரில் புதுச்சேரியில் ரேஷன் அரிசி ரூபாயாக மாறியது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தலைக்கு மாதம் 5 கிலோ தானியம் என்று வாக்களித்திருந்தது. தானியத்துக்குப் பதில் பணமாகவும் தரலாம் என்று ஒரு கதவும் அதே சட்டத்துக்குள் இருந்தது. அந்தக் கதவை முதலில் திறந்து பார்க்க மத்திய அரசுக்கு அகப்பட்டவை சண்டிகரும் நம்மூரும். இரண்டும் சின்ன இடங்கள், யூனியன் பிரதேசங்கள். தில்லி சொன்னதற்கு மறுசொல் சொல்ல இங்கே அதிக இடமில்லை.

இது பொருளாதாரக்காரர்கள் பாடு, கவிதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன என்று இந்தப் பக்கங்களை வாசிக்கிற சிலர் கேட்கக்கூடும். ஒரு வஸ்துவை எடுத்துவிட்டு அதன் இடத்தில் அதைக் குறிக்கிற ஒன்றை வைத்து, இரண்டும் ஒன்றேதான் என்று சாதிக்கிறபோது அது நம்முடைய விஷயமும் ஆகிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

பணம் கொடுக்க வேண்டும் என்பவர்களின் வாதத்தை லேசில் தள்ளிவிட முடியாது. ரேஷன் கடையின் லட்சணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எடைக்குறைவு, கல், புழுங்கல் நாற்றம், இருப்பு இல்லை என்கிற பலகை, மாவு மில்லுக்கும் கோழித் தீவனத்துக்கும் போய்ச் சேருகிற மூட்டைகள். இதற்கும் அப்பால், வயதுவந்த ஒரு மனுஷி இன்னதைத்தான் பொங்கித் தின்ன வேண்டும் என்று அரசு தீர்மானிப்பதில் ஒரு அவமரியாதை இருக்கிறது. சர்க்கரை வியாதிக்காரிக்குக் கேழ்வரகு வேண்டியிருக்கலாம். மீன்பிடித் தடைக்கால நாட்களில் வைத்திக்குப்பத்து வீட்டில் அரிசியைவிடக் காசு அவசரமாக இருக்கலாம். பணம் கொடுத்தால் சாராயக் கடைக்குப் போய்விடும் என்ற எதிர்வாதம் எனக்கு அருவருப்பாகவே இருக்கிறது. கலால் வரியை நம்பிக் கஜானா நடத்துகிற ஒரு ஊரில் ஏழையின் குடியைப் பற்றி இந்தக் கவலை! தவிரவும், அந்தச் சட்டம் குடும்ப அட்டையில் தலைவியாக வைப்பது வீட்டின் மூத்த பெண்ணைத்தான்.

ஆக, சுதந்திரம் என்கிற தளத்தில் பணத்தின் கட்சி பலமாகவே நிற்கிறது. கணக்குத் தளத்துக்கு இறங்கும்போதுதான் சிக்கல். 2015-இன் விதிகள் கிலோவுக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த முறை இது: அரிசிக்கான குறைந்தபட்ச ஆதார விலையை ஒன்றேகால் மடங்காக்கி, அதிலிருந்து ரேஷன் விலையைக் கழிப்பது. ஆதார விலை உழவனிடம் வாங்குகிற விலை. அரிசி வாங்கப் போகிறவள் நிற்பதோ பெரிய மார்க்கெட்டில். பிரதேச அரசின் சொந்த இலவச அரிசித் திட்டமும் பின்னால் இதே வழியில் போயிற்று. சிவப்பு அட்டைக்கு 20 கிலோவின் இடத்தில் 600 ரூபாய், மஞ்சள் அட்டைக்கு 10 கிலோவின் இடத்தில் 300. கிலோ முப்பது ரூபாய்க்குச் சோற்றுக்காகிற அரிசி எந்தக் கடையில் கிடைத்தது என்பதை விட்டுவிடுவோம். கேள்வி வேறு. 20 கிலோ என்று சொல்லியிருந்தால், அரிசி எந்த விலைக்குப் போனாலும் அந்த ஏற்றத்தை அரசு தாங்க வேண்டும். 600 ரூபாய் என்று சொல்லிவிட்டால் ஏறுகிற ஒவ்வொரு ரூபாயையும் சிவப்பு அட்டைக்காரி தாங்க வேண்டும். எதையும் குறைத்ததாக எந்த ஆணையிலும் இராது. சுமை மட்டும் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு மாறியிருக்கும்.

இதே காரியத்தைப் பெரிய அளவில் செய்ய நினைத்த ஒருவர் அமெரிக்காவின் பால் ரயான். அங்கே அப்போது பிரதிநிதிகள் சபையின் பட்ஜெட் குழுத் தலைவராக இருந்தவர். 2012 தேர்தலில் குடியரசுக் கட்சியின் துணை ஜனாதிபதி வேட்பாளர். அவருடைய பட்ஜெட்டுக்கு அவர் வைத்த பெயர் 'வளத்திற்கான பாதை'. முதியோரின் மருத்துவச் செலவை அரசே ஏற்கிற மெடிகேரை, அன்று 55 வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்கு, காப்பீடு வாங்கிக்கொள்ளக் கொடுக்கிற ஒரு தொகையாக மாற்றுவது. ஏழைகளின் மருத்துவ உதவியையும் உணவு மானியத்தையும் மொத்தத் தொகையாக மாகாணங்களிடம் கொடுத்துவிட்டு மத்திய அரசு விலகிக்கொள்வது. 2011-இல் வந்த முதல் வடிவத்தில் அந்தத் தொகை பொதுவான விலைவாசியோடு ஏறும். மருத்துவச் செலவோ அதைவிட வேகமாக ஏறுகிற ஒன்று. நடுவே விழுகிற பள்ளம் கிழவர்களுக்கு. அந்த நாட்டு நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகமே இதைக் கணக்கிட்டுச் சொல்லிற்று. அடுத்த ஆண்டு பழைய மெடிகேரையும் ஒரு தேர்வாக விட்டுவைத்துத் திட்டத்தைக் கொஞ்சம் மாற்றினார்கள். 2012 அக்டோபர் 11 அன்று ரயானும் ஜோ பைடனும் ஒரே மேடையில் வாதிட்டபோதும் இதற்கு 'வவுச்சர்' என்று பெயர் சொல்லலாமா கூடாதா என்பது சண்டையின் ஒரு பகுதி. பெயரை விட்டுக்கொடுத்தால் பாதி விஷயம் போய்விடும் என்று இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது.

ரயானை வெறும் கல்நெஞ்சக்காரர் ஆக்கிவிடுவது சுலபம், ஆனால் நியாயமில்லை. ஏறிக்கொண்டே போகிற கடனை யாரோ ஒருநாள் அடைத்தாக வேண்டும் என்ற அவருடைய கவலை பொய்யல்ல. என்னால் ஏற்க முடியாதது அதனோடு ஒட்டிக்கொண்டு வந்த தார்மிகம். பாதுகாப்பு வலை ஆள் படுத்துக்கொள்கிற தூளியாகிவிடும் என்று 2011 ஜனவரியில் எச்சரித்தார். (வரப்போர மரத்தில் குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு நடவுக்கு இறங்கின பெண்களின் மொழியில் இந்த உவமை எடுபடாது.)

வளத்தைக் காட்டிப் பாத்திரத்தைச் செல்லாததாக்குவது மணிமேகலையை வாசித்தவர்களுக்குப் புதிதல்ல. வரம் வேண்டாம் என்று தன்னை அலட்சியம் செய்த ஆபுத்திரன்மேல் இந்திரனுக்குக் கோபம். அமுதசுரபியை அவன் பறித்துக்கொள்ளவில்லை. பாண்டிய நாட்டில் மழையைப் பெய்யவிட்டான், நாடு செழித்தது, பசித்து வருகிறவன் இல்லாமல் பாத்திரம் கையில் வெறுமே இருந்தது. ஆபுத்திரனுக்கு அது துன்பம்தான், அந்தத் துன்பத்திலேயே மாண்டும் போகிறான். ஆனால் இந்திரன் ஒரு ஒழுங்கைக் கடைப்பிடித்தான்: முதலில் மழை. ரயானின் பட்ஜெட்டிலும் நம் நேரடிப் பணமாற்றத்திலும் முதலில் கைவைக்கப்படுவது பாத்திரம்; மழை வரும் என்று எதிர்பார்ப்பு.

படி என்கிற சொல்லை நாம் கவனித்துப் பார்க்க வேண்டும். 1967 தேர்தலில் அண்ணாதுரை ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார். வென்றபின் ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. அதற்குமேல் விரிக்கக் கஜானா இடம் தரவில்லை. கேலி செய்தவர்கள் செய்தார்கள். எனினும் அந்த வாக்கின் வடிவத்தில் ஒரு நேர்மை இருந்ததாக எனக்குப் படுகிறது. ரூபாயின் மதிப்பு அரிசியில் அளந்து சொல்லப்பட்டது. தவறினால் தவறியது எல்லோருக்கும் தெரியும், தெரிந்தது. 600 ரூபாய் தவறுவதே இல்லை. மாதாமாதம் அறுநூறாகவே வந்து, அதற்குள் அரிசி மட்டும் குறைந்துகொண்டே போக முடியும்.

பணத்தை விலைவாசியிலிருந்து காப்பாற்றும் வித்தை அரசுக்குத் தெரியாது என்று சொல்லவும் வழியில்லை. தன் ஊழியர்களுக்கு அதைத்தான் செய்கிறது. பஞ்சப்படி என்று பழைய பெயர், இப்போது அகவிலைப்படி. அகவிலை என்றால் தானியத்தின் விலை. தானியம் விலை ஏறினால் கூடக் கொடுக்கிற படி — எத்தனை துல்லியமான சொல்! மத்திய அரசு ஆண்டுக்கு இருமுறை அதைத் திருத்துகிறது. புதுச்சேரி அரசு ஊழியரும் அதே கணக்கில் பெறுகிறார். கோப்பில் கையெழுத்திடுகிறவரின் சம்பளத்துக்கு அகவிலை உண்டு; கோப்பில் உள்ளவளின் அரிசிப் பணத்துக்கு இல்லை. அவர் பெறுவதை யாரும் இலவசம் என்பதுமில்லை.

நம்மூரில் இதற்கு இன்னொரு சாட்சி உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட சொல்தாக்கள். அவர்களுடைய பென்ஷன் பணம்தான், அரிசியல்ல. அந்தப் பணத்தில் இங்கே வீடுகள் எழுந்திருக்கின்றன. ஆனால் அதே பட்டாளத்தில் அதே போர்களில் நின்ற மற்றவர்களுக்கு, நாடு விடுதலை பெற்றதால் பிரெஞ்சுக் குடிமக்களாக இல்லாமல்போன ஆப்பிரிக்கர்களுக்கு, நடந்தது வேறு. 1959 டிசம்பரின் பிரெஞ்சு நிதிச் சட்டம் தன் 71-ஆம் பிரிவில் அவர்களுடைய பென்ஷனை இருந்த தொகையில் உறைய வைத்தது. ரத்து செய்யவில்லை. ஒரு பைசா குறைக்கவில்லை. பாரிஸில் விலை ஏற ஏறப் பிரெஞ்சுச் சிப்பாயின் பென்ஷன் ஏறியது. செனகல்காரனுடையது நின்ற இடத்தில் நின்றது. கடைசியில் 2010 மே 28 அன்று பிரான்சின் அரசியலமைப்பு மன்றம் அதைச் செல்லாது என்றது. அரை நூற்றாண்டு. அதற்குள் எத்தனை பேர் செத்திருப்பார்கள். பணமாகத் தரப்பட்ட வாக்கை முறிக்கத் தேவையில்லை, சும்மா விட்டுவிட்டால் போதும் என்பதற்கு இதைவிட ஸ்தூலமான உதாரணம் எனக்குத் தெரியாது.

அரிசியா பணமா என்று இங்கே நடந்த சண்டை இந்தக் கேள்விக்கு வரவே இல்லை. துணைநிலை ஆளுநர் கிரண் பேடி பணம் என்றார். முதலமைச்சர் நாராயணசாமி அரிசி என்றார். 2019 பிப்ரவரியில் முதலமைச்சர் கறுப்புச் சட்டையோடு ராஜ்நிவாஸ் வாசலில் ஆறு நாள் உட்கார்ந்திருந்தார்; கோரிக்கைப் பட்டியலில் இலவச அரிசியும் ஒன்று. வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போய் 2020 பிப்ரவரியில் தள்ளுபடியாயிற்று. அங்கே அரிசி ஒரு சாக்காகிவிட்டது. வழக்கு யாருக்கு அதிகாரம் என்பது. ஓட்டு வாங்கினவருக்கா, நியமிக்கப்பட்டவருக்கா என்றால் நான் ஓட்டு வாங்கினவர் பக்கம்தான். ஆனால் முதலமைச்சர் தரப்பிலும் அரிசியை உரிமை என்று நிறுவுகிற முயற்சியைக் காணோம். தேர்தலில் கொடுத்த வாக்கு என்கிற அளவில் நின்றுவிட்டது. இலவசம் என்ற சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்களும் அவர்களேதான்.

2024 அக்டோபரில், தீபாவளியை ஒட்டி, ரங்கசாமி அரசு மூடிக்கிடந்த ரேஷன் கடைகளைத் திறந்தது. அரிசி திரும்ப வந்தது, பண்டிகைக்குச் சர்க்கரையோடு. வாங்கிப் போனவர்களின் சந்தோஷத்தில் எனக்குப் பங்குண்டு. ஆனால் ஆணையால் போன அரிசி ஆணையால் வந்திருக்கிறது. இன்னொரு ஆணையால் போகலாம். பணமாகவே கொடுக்கட்டும், எனக்குத் தத்துவார்த்த ஆட்சேபணை இல்லை. அந்த மாதம் மார்க்கெட்டில் 20 கிலோ என்ன விலைக்கு விற்றதோ அந்த விலைக்குக் கொடுக்க வேண்டும் என்று விதியில் எழுதட்டும். வரவில்லை என்றால் போய்க் கேட்க ஒரு ஜன்னலும் அதற்குப் பின்னால் ஒரு ஆளும் வேண்டும். ரேஷன் கடைக்காரனோடு சண்டையாவது போட முடிந்தது.