மறைப்பது மானமா?

பிறர் குறையை மறைப்பது நற்குணமென்று ஓதி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அடிபட்டது ஒரு பிள்ளையாயிருந்தால், அந்த மறைப்பு யாருக்கு நன்மை?

கடையில் ஒருவர் அடைக்கலமாய் வைத்துப்போன மூட்டை பறிபோவதைக் கண்டும், கடையின் பேர் கெடுமேயென்று நாம் வாய் மூடியிருந்தால், நம்மை வியாபாரி என்பார்களா? மதரஸாவிலும் பள்ளிக்கூடத்திலும் விடுதியிலும் விட்ட பிள்ளை அதைவிடப் பெரிய அமானிதமல்லவா!

2024 செப்டம்பரில் சிலாங்கூரிலும் நம் அண்டை மாநிலமான நெகிரி செம்பிலானிலும் 20 இல்லங்களில் போலீசார் புகுந்து 402 பிள்ளைகளை மீட்டனர். அவை மார்க்கத்தின் பெயர் தாங்கிய இல்லங்கள் என்பது நமக்குக் கூடுதல் வேதனை. பெயரைப் பார்த்து மட்டும் பிள்ளையை ஒப்படைக்கலாகாது.

2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, குற்றம் தெரிந்தும் போலீசில் சொல்லாதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. ஆசிரியர், விடுதிக் காப்பாளர் போன்று நம்பிக்கைக்குரியவர் குற்றம் செய்தால் தண்டனை இன்னும் கூடும்.

‘வீண்பழி ஆகிவிட்டால்?’ என்பீர்கள். அஞ்ச வேண்டியதே. ஆயினும் சொல்வது வேறு, தீர்ப்பளிப்பது வேறு. கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது நம் பொறுப்பு. விசாரிப்பது அதிகாரிகள் பொறுப்பு. 15999 என்னும் ‘தாலியான் காசே’ தொலைபேசி இரவும் பகலும் இருக்கிறது.

ஜாசின் தோட்டத்துப் பிள்ளையோ, மலாக்காப் பட்டணத்துப் பிள்ளையோ, நம்மிடம் வந்து ஒரு சொல் சொன்னால் முதலில் முழுதும் கேட்போம். நிர்வாகத்தின் பேரைப்பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.