மயக்க மருந்தை மறுப்பதுதான் பொறுமையா?

 

முழங்கால் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்த ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத், அறிவை மறைப்பதெல்லாம் ஹராம் என்கிறீர்கள். உர்வா (ரஹ்) அவர்கள் காலை அறுக்கும்போது கூட மருந்து குடிக்கவில்லையே. நான் ஊசி போட்டுக்கொண்டால் என் பொறுமைக்கு என்ன மதிப்பு?" வலியில் நடக்க முடியாத மனிதர், இந்த ஒரு கேள்விக்காக ஆபரேஷனையே தள்ளிப்போடத் தயாராக இருந்தார். நம் ஆழ்வார்பேட்டையைச் சுற்றி ஆஸ்பத்திரிகளுக்குக் குறைவில்லை. ஆனால் இப்படிப்பட்ட கேள்வியை டாக்டரிடம் யாரும் கேட்பதில்லை, பள்ளிவாசலில்தான் கேட்கிறார்கள்.

உர்வா பின் ஸுபைர் (ரஹ்) மதீனாவின் ஏழு ஃபகீஹ்களில் ஒருவர். அஸ்மா (ரலி) அவர்களின் மகன். கலீஃபா வலீதைச் சந்திக்கச் சென்ற பயணத்தில் அவர் கால் அழுகியது. அறிவை மயக்கும் மருந்து தருகிறோம் என்றபோது, ரப்பின் நினைவு விலகிப்போவதை விரும்பாமல் மறுத்துவிட்டார். அது அவருடைய தேர்வு. மற்றவர்களும் அப்படியே செய்ய வேண்டும் என்று அவர் ஃபத்வா கொடுக்கவில்லை. வெட்டிய இடத்தில் காய்ச்சிய எண்ணெய் வைத்தபோது அவர் மூர்ச்சையானார் என்றும் அறிவிப்புகளில் வருகிறது. சம்பவத்தைச் சொல்பவர்கள் இந்தப் பகுதியை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

வலி நீங்க வேண்டும் என்று விரும்புவது பொறுமைக்கு எதிரானது என்றால், அய்யூப் (அலை) அவர்கள் துன்பம் நீங்க துஆ கேட்டதை என்ன சொல்வது? அவர்களையே பொறுமையாளர் என்று அல்லாஹ் புகழ்கிறான். சட்டமும் தெளிவாக இருக்கிறது. அழுகிய கையை வெட்டுவதற்கு அறிவை நீக்க வேண்டிய தேவை வந்தால் அது கூடும் என்பதே சரியான கருத்து என்று இமாம் நவவி (ரஹ்) எழுதிவிட்டார்கள். அவர்கள் வஃபாத்தானது 1277இல். பாஸ்டனில் மோர்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் கொடுத்து ஆபரேஷனை நடத்திக் காட்டியது 1846இல். மருந்து வருவதற்கு ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன்பே மஸ்அலா வந்துவிட்டது.

போதைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மூளையில் நரம்புகளை அடக்கி வைக்கும் சமிக்ஞைகள் உண்டு. இன்று அதிகம் பயன்படும் புரொபோஃபால் அவற்றைப் பலப்படுத்துகிறது. மதுவும் ஓரளவு அதே இடத்தில்தான் வேலை செய்கிறது. ஆகவே வித்தியாசத்தை ரசாயனத்தில் தேடாதீர்கள், தேவையில் தேடுங்கள். ஒருவன் இன்பத்திற்காக அறிவைத் தொலைக்கிறான். இன்னொருவர் உடலைக் காப்பதற்காக, கண்காணிப்பில், சில மணி நேரம் அதை ஒப்படைக்கிறார். முழங்காலுக்குப் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். அந்தப் பெரியவர் விரும்பினால் விழித்தபடியே திக்ரு செய்துகொண்டிருக்கலாம்!

முழு மயக்கம் தூக்கம் அல்ல. தூங்குபவரைத் தட்டினால் எழுவார். இவர் கத்தி பட்டாலும் எழமாட்டார். தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்தால் மூச்சே நின்றுவிடும், இயந்திரம்தான் மூச்சு விடும். உணர்வு எப்படிப் போகிறது என்பதை விஞ்ஞானம் இன்னும் முழுமையாக விளக்கிவிடவில்லை. ரூஹைப் பற்றி நமக்குத் தரப்பட்ட அறிவு கொஞ்சம்தான் என்று குர்ஆன் சொல்வது இங்கே நினைவுக்கு வருகிறது.

அந்த நேரத்தில் அந்த மூச்சு யாருடைய அமானத்? ஹைதராபாத்தில் இதற்காகவே ஆராய்ச்சி நடந்தது. எட்வர்ட் லாரி என்ற சர்ஜன் 1888இலும் 1889இலும் குளோரோஃபார்ம் கமிஷன்களை நடத்தினார். நிஜாம் மஹபூப் அலி கான் ஆதரவு கொடுத்தார். இரண்டாவது கமிஷனுக்கு லண்டனிலிருந்து நிபுணர் வருவதற்காக 1,000 பவுண்டு வழங்கினார். நாய்களும் குரங்குகளும் நிறைய உயிரிழந்தன. அதுவும் கணக்கில் வரும் விஷயம்தான். மூச்சைக் கவனித்துக்கொண்டே இருங்கள், இதயத்திற்கு நேரடி ஆபத்தில்லை என்றார்கள். முதல் பாதி நல்ல அறிவுரை. குளோரோஃபார்ம் இதயத்தையே திடீரென நிறுத்தக்கூடும் என்பது 1911இல் லெவி என்பவரின் ஆராய்ச்சியில் தெரியவந்தது.

டாக்டரின் அமானத் பெரியது. நோயாளிக்கும் ஓர் அமானத் உண்டு. வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பது சடங்கல்ல. மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போனால் உயிர் போகலாம். ஃபஜ்ருக்குப் பிறகு பால் டீ குடித்துவிட்டு, ஆபரேஷன் தள்ளிப்போகுமே என்று மறைப்பவர்கள் இருக்கிறார்கள். இதைவிடக் கடினமான ஒன்று உண்டு. ரகசியமாகக் குடிப்பவர், மகன் பக்கத்தில் நிற்கும்போது மயக்க டாக்டர் கேட்டால் "இல்லை" என்கிறார். தினமும் குடிப்பவருக்கு மருந்தின் அளவே மாறலாம். திடீரென நிறுத்தினால் ஆபரேஷனுக்குப் பிறகு வலிப்பு கூட வரலாம். பாவத்தை வெளியே சொல்லாதே என்பது மார்க்கம். ஆனால் சிகிச்சைக்காக டாக்டரிடம் மட்டும் சொல்வது பாவத்தைப் பரப்புவது ஆகாது. மகனை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லுங்கள். வீட்டாரும் அந்த ஐந்து நிமிடத்தை அவருக்குக் கொடுங்கள்.

மயக்கம் தெளிந்தால் உளூ புதிதாகச் செய்ய வேண்டும். தவறிப்போன ஒன்றிரண்டு வக்துகளைக் களாச் செய்துவிடுவது பேணுதல்.

வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு சில நாட்கள் புத்தி தடுமாறலாம். மகளைத் திருடி என்பார், மருமகளைச் சபிப்பார். ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்ட பிள்ளைகள் உடைந்துபோகிறார்கள். "உள்ளே இருந்ததுதானே வெளியே வந்தது" என்று உறவினர் ஒருவர் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவார். அப்படியல்ல. புத்தி தெளியாதவரை விட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது. அல்லாஹ் எழுதாத ஒன்றை நாம் ஏன் மனதில் எழுதி வைக்க வேண்டும்? பாவமாகக் குடித்தவனின் தலாக் செல்லும் என்று சொல்லும் மத்ஹபுகள் கூட, சிகிச்சைக்கான மருந்தால் அறிவு நீங்கியவர் சொன்ன தலாக் செல்லாது என்கின்றன. அதே அளவுகோல் பத்திரத்திற்கும் உண்டு. அத்தாவுக்கு நினைவு முழுதாகத் திரும்பாத நேரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வைத்து வீட்டுப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கினால், ரிஜிஸ்டர் ஆபீஸில் அது நின்றாலும், ஷரீஅத்தில் அந்த வீடு இன்னும் அத்தாவுடையதுதான்.