யாழ்முரியும் சட்டமும்

விதியும் இசைப்பெருக்கும் தம்முள் மாறுபட்டன என்று கருதுவார் பலர். வகுத்துவைத்தபடி பாடுவது கட்டு. உள்ளத்து எழுந்தவாறு அவ்வப்பொழுது விரித்துப் பாடுவது வீடு என்பது அவர் துணிபு. இத்துணிபு இசையரங்கோடு நின்றொழியின் யாம் எழுதுகோல் எடோம். அவர் இதனைச் சமயநெறிக்கண்ணும் ஏற்றி, அன்புடையார்க்கு ஆகமவிதி எற்றுக்கு, கண்ணப்பர் எவ்விதியைக் கற்றார் என வினவுகின்றனர். இவர்க்கு எதிர்நின்று, ஓதுவார் தாளமின்றிச் சிறிது விரித்து ஓதினும் மரபு கெட்டதென வெகுள்வாரும் உளர். விதியாவது யாது என்பதனை இருதிறத்தாரும் ஆராயாமையே இப்பூசற்குக் காரணம் என்பது எம் கருத்து.

காம்போதி இராகத்தை எடுத்துக்கொள்வாம். தேவாரப் பண்களுள் தக்கேசி இக்காலத்து இவ்விராகத்தில் ஓதப்படுதல் அன்பர்கள் அறிந்ததே. இதன் ஆரோசையில் நிடாதம் இல்லை. அமரோசையில் கைசிகி நிடாதம் உண்டு. இஃது இலக்கணம். ஆயினும் ‘ச நி ப த ச’ என்னும் பிடியில், அவ்விலக்கணத்திற்குப் புறம்பான காகலி நிடாதம் வந்து அழகு செய்யும். அயற்சுரம் என்று அதனை விலக்கின் இராகம் வாடும். அழகென்று கண்டவிடமெல்லாம் பெய்யின் காம்போதி மடிந்து வேறொன்றாம். நாகசுர வித்துவான் ஒருவர் திருவிழா இரவில் வீதியின் ஒருகோடி தொடங்கி மறுகோடி எய்துமளவும் இவ்வோர் இராகத்தையே வாசிக்க யாம் இளமையிற் கேட்டிருக்கின்றோம். ஒருமுறை வந்த பிடி மறுமுறை அவ்வாறே வந்ததில்லை. காம்போதியை விட்டு அவர் ஒருநொடியும் அகன்றதுமில்லை. அவர் விதியை நினைந்து நினைந்து வாசித்தாரல்லர். விதி அவர்க்கு மூச்சாயிருந்தது. நன்கு பயிலாதானுக்கோ ஆசிரியர் காட்டிய நான்கு சங்கதிக்கு மேல் ஐந்தாவது தோன்றாது; தோன்றினும் பிழையாய்த் தோன்றும். விதியிற் குறைந்தவனே விரிவிலுங் குறைந்தவனாதலை இதனால் உணரலாம்.

நீதிமன்றத்தும் இதுவே நிகழ்கின்றது. சட்டம் இயற்றுவோர் வரும் வழக்கனைத்தையும் முன்னுணர்தல் இயலாது. முன்கேளாத வழக்கொன்று எழுமிடத்து நீதிபதி வாய்வாளாதிருத்தலும் கூடாது. தம் விருப்பம்போல் தீர்த்தலும் கூடாது. சட்டத்தின் சொல்லை நிறுத்தி, முன் தீர்ப்புக்களை நோக்கி, அச்சொல்லினுள் அடங்கிய பொருளை விரித்துரைத்தல் அவர் கடன். நிரவல் செய்வார் பாட்டின் ஓரடியை எடுத்து, சொற்கள் தாளத்தில் நிற்குமிடம் பிறழாமல் இசையை மட்டும் புதிது புதிதாக்குதல் போல்வது இது. (சட்டம் என்னுஞ் சொல் மரத்தாலாய சட்டத்தையுங் குறித்தல் நோக்கத்தக்கது. சட்டமின்றி நரம்பு கட்டுதல் யாங்ஙனம்?)

எனினும், சட்டத்தின் நரம்பு எட்டாத இடமும் உண்டு. நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், அச்சினாலோ எழுத்தினாலோ பிறவாற்றாலோ வரிவடிவம் பெற்றதனையே இசைப்படைப்பு என வரையறுத்தது. அவ்வாறாயின் யாம் கேட்ட காம்போதி இசைப்படைப்பே அன்று! இசையை ஏட்டில் வரைந்துவைத்து வாசிக்கும் மேல்நாட்டு வழக்கிற்கு இயைந்த சொல் அது. நம் வித்துவான்களின் ஆலாபனை அதனுள் அடங்கவில்லை. 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை மாற்றி, இசையாலாய படைப்பே இசைப்படைப்பு, அதன் வரிவடிவமும் அதனுள் அடங்கும் என்றது. நிகழ்த்துவோர்க்கும் ஓர் உரிமை வகுத்தது. இடையிற் கழிந்தவை முப்பத்தேழு ஆண்டுகள். சட்டத்தின் எல்லை இசையின் எல்லையன்று என்பதனைக் கண்டோர் சட்டத்தை எறிந்தாரல்லர், நரம்பை நீட்டினர்.

ஈண்டுத் திருத்தருமபுரத்து நிகழ்ச்சி எம் நினைவுக்கு வருகின்றது. திருஞானசம்பந்தப் பிள்ளையாரின் பதிகங்கள் உலகிற் பரவியது திருநீலகண்ட யாழ்ப்பாணர் அவற்றை யாழிலிட்டு வாசித்தமையால் என்று பாணனாரின் சுற்றத்தார் கூறினர். அது பொறாத பாணனார், கருவியில் அடங்காத பதிகமொன்று பாடியருளுமாறு பிள்ளையாரை வேண்டினார். பிள்ளையாரும் பாடினார், இசை நரம்பில் அடங்கவில்லை. பாணனார் யாழை உடைக்க ஓங்கினார். பிள்ளையார் தடுத்து அதனை வாங்கி, இறைவன் பெருமை இக்கருவியின் அளவிற் படுவதோ, இதில் வந்த அளவு வாசிப்பீராக என்னுங் கருத்துப்பட அருளி மீளக் கொடுத்தார் எனப் பெரியபுராணம் கூறும். பதிகத்திற்கு யாழ்முரி என்று பெயர் நிலைத்தது, யாழோ முரியவில்லை. இதனை நம்மவர் பலர் நோக்குவதில்லை. பாணனார் ஓங்கியது அகந்தையாலன்று, அன்பினால். அன்பினால் எழுந்த கையையும் பிள்ளையார் பிடித்துக்கொண்டார். மீளப்பெற்ற யாழுடன் பாணனார் திருநல்லூர்ப்பெருமணத்துச் சோதியிற் புகுமளவும் பிள்ளையாரைப் பிரிந்திலர். விதி சிறிதென்று கண்டவுடன் அதனை உடைக்கத் துணிவார்க்கு யாம் காட்டுவது பிள்ளையாரின் அத்திருக்கை. நரம்பில் அடங்காதது இசையே அன்று என்பார்க்குக் காட்டுவது அப்பதிகம்.

நம் சாத்திரமும் இதற்கு இயையவே வைத்தது. அசுத்தமாயையினின்றும் காலம், நியதி, கலை என்பன தோன்றும். கலை ஆணவமறைப்பைச் சிறிதே நீக்கி ஆன்மாவின் தொழிலாற்றலை எழுப்பும். நியதி அவரவர் வினைப்பயன் அவரவர்க்கே எய்துமாறு வரையறுக்கும். எழுப்புவதும் வரையறுப்பதும் ஒரே மாயையின் காரியங்கள். இரண்டும் உயிரின் பொருட்டு இறைவன் கூட்டியவை. இவற்றுள் ஒன்றைத் துணை என்றும் மற்றொன்றைப் பகை என்றும் கொள்ளுதல் எவ்வாறு பொருந்தும்?

கண்ணப்பரோ எனின், அவர் விதியை அறிந்து இகந்தவரல்லர். அறியாராய் அன்பொன்றிலேயே நின்றவர். அவ்வன்பைச் சிவகோசரியார்க்கு மறைவிலிருந்து காணச்செய்த இறைவன், சிவகோசரியாரின் ஆகமபூசையை இகழ்ந்தானல்லன். ஆகமங்கற்றுச் சோம்பலால் அதனைக் கைவிட்டார் கண்ணப்பரைத் துணைக்கழைத்தல் தகாது. தம் கண்ணைத் தாமே இடக்கும் துணிவு வந்தபின் அழைக்கட்டும்.

இனி, ஓதுவார் பற்றி ஒருசொல். தாளத்தோடு ஓதும் பண்ணாங்கமும், தாளமின்றி ஓதும் சுத்தாங்கமும் ஆகிய இரண்டும் வழிவழி வந்தவையே. பண்ணின் உருவஞ் சிதையாமலும், சொல் பிளவுபட்டுப் பொருள் திரியாமலும் ஒருவர் விரித்து ஓதுவாராயின் அவரைக் கடிதற்கு இடமில்லை. கைதட்டு வேண்டிப் பதிகச் சொல்லை அறுத்து நீட்டுவாராயின் யாம் அவ்விடத்து இரோம். ஒருமுறை நடுவே எழுந்து வந்துமிருக்கின்றோம்.