கேளா இசையும் கேட்போர் கடனும்

எவராலும் கேட்கப்படாத இசை, இசையாகுமா? கவிதையை ஏட்டில் படித்துச் சுவைக்கலாம். சிம்பொனியோ வாத்தியக்காரர் பலர் கூடி ஒலிப்பிக்கும்வரை கடதாசியில் இட்ட குறிகளாகவே கிடக்கின்றது. இவ்வினா வெறும் தருக்க விளையாட்டன்று என்பதற்கு ஆங்கில இசையாளர் ஹவேர்கல் பிறையனின் வாழ்வே சான்றாகும்.

1876இல் ஸ்ரபோர்ட்ஷயரில் மட்பாண்டத் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்த பிறையன், 1919 தொடக்கம் 1927 வரை தமது முதலாம் சிம்பொனியாகிய 'கோதிக்'கை இயற்றினார். மிகப் பெரிய வாத்தியக் குழுவும் பாடகர் குழுக்களும் வேண்டிநிற்கும் அவ்வாக்கம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம் நீள்வது. 1932இல் அச்சேறியும் 1961 வரை அது அரங்கேறவில்லை. தமது சிம்பொனிகளுள் ஒன்றையேனும் அவர் முதன்முதலிற் கேட்டது 1954இல், 78 வயதில், பி.பி.சி. வானொலி எட்டாம் சிம்பொனியை ஒலிபரப்பியபோதாகும். ஆயினும் அவர் எழுதுவதை நிறுத்தினாரல்லர். 1968இல் 32ஆம் சிம்பொனியை நிறைவுசெய்தார்.

ஒலியாத இசை குறையுடையது என்பர் ஒருசாரார். அவ்வாறாயின் ஆக்கியோனின் திறமையை இசைக்குழுக்களின் பணவசதியே தீர்மானிப்பதாக முடியும். அவன் உள்ளத்தில் ஒலித்தமையே போதும் என்பர் மறுசாரார். இது கேட்போராகிய எம்மை எளிதில் விடுவித்துவிடுகின்றது. ஆக்கம் வேறு, அதன் மதிப்பீடு வேறு என்பதை இருசாராரும் மறந்தனர். ஆக்கம் எழுதியவன் கையில் நிறைவெய்தலாம். மதிப்பீடோ செவியின்றி நிகழாது. ஆகவே கேட்கப்படாத படைப்பைத் தோல்வியுற்ற படைப்பு என்றல், விசாரிக்காது தீர்ப்பளித்தலாகும்.

புறக்கணிக்கப்பட்டோர் யாவரும் மேதைகளோ எனச் சிலர் வினவலாம். அல்லர். எமது கடன் புகழ்தலன்று, கேட்டலே. ஒருமுறை கேட்டுத் துணிதற்கரிய பேராக்கங்களை மீட்டும் மீட்டும் கேட்க இடந்தருவதே ஒலிப்பதிவின் பயன். ஏட்றியன் போல்ற் 1966இல் நடத்திய 'கோதிக்' நிகழ்ச்சியின் பதிவு 2009இல் இறுவட்டாக வெளிவந்தது. 1989இல் பிராற்றிஸ்லாவாவிலும் 2011இல் இலண்டனிலும் அது மீண்டும் பதிவாயிற்று. அவற்றைக் கேட்டோருள் அதனை ஒழுங்கற்ற பெருங்குவியல் என்போரும் உளர், ஒப்பற்றது என்போரும் உளர். அவ்வாறு முரண்படுதற்கேனும் முதலிற் கேட்டாக வேண்டும்.

பிறையனின் சிம்பொனிகளை முதன்முதலில் விற்பனைக்குரிய இசைத்தட்டுக்கெனப் பதிவுசெய்தோர் புகழ்வாய்ந்த இசைஞர் அல்லர். லெஸ்ரர்ஷயர் பாடசாலை மாணவர் இசைக்குழுவினரே. பத்தாம், இருபத்தோராம் சிம்பொனிகளை அவர்கள் பதிவுசெய்த 1972ஆம் ஆண்டிலேயே பிறையன் காலமானார். வாசிப்பிற் குறைகள் இருந்திருக்கலாம். எனினும் அறிஞர் தாமதித்த கடனை மாணவர் தொடக்கிவைத்தனர் என்பது பல்கலைக்கழகத்தார் சிந்தித்தற்குரியது.